பந்தயப் பணமும் பரீட்சைக் களமும்

'மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட சக்தி தமக்கு உண்டென்று கூறுவோர் எவராயினும் முன்வரட்டும். எம் நிபந்தனைக்கு உட்பட்டு அதனை மெய்ப்பிக்கட்டும். மெய்ப்பித்தால் இத்தனை ஆயிரம் தருவோம்' என்று அறைகூவும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் மேனாடுகளில் வலுப்பெற்று, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பரவியது. அப்பரிசுகளைப் பற்றிய பேச்சு இன்றும் ஓய்ந்தபாடில்லை. பேசுவோர் இரு சாராராக நிற்கின்றனர். 'பத்து லட்சம் டாலரை எவனும் வாங்கவில்லை. ஆகவே அற்புதம் என்று உலகில் எதுவும் என்றும் நிகழ்ந்ததில்லை' என்பார் ஒரு சாரார். 'மகான்கள் காசுக்கு வித்தை காட்டுவார்களா? பரிசு என்பதே பித்தலாட்டம்' என்பார் மறு சாரார். இவ்விரு கூற்றுகளும் நுனிப்புல் மேய்ந்தவர்களின் கூற்றுகள் என்பது நம் கருத்து. அப்பரிசுகள் எவ்வாறு நடந்தன என்பதை அறிந்த பின்னரே அவற்றின் தகுதியை நிறுத்துப் பார்த்தல் முறையாகும்.

முதலாம் உலகப் போர் இலட்சக்கணக்கான இளைஞர்களை விழுங்கிவிட்டு ஓய்ந்த காலம் அது. மகனை இழந்த பெற்றோர் இருட்டறைகளில் அமர்ந்து, ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிக்கொண்ட 'மீடியம்'களின் வாயிலாக அவன் குரலைக் கேட்கத் தவித்தனர். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில் இக்கொள்கைக்குப் பெரும் பிரசாரகராயிருந்தார். அவரும் 1918இல் மகனைப் பறிகொடுத்தவரே. இச்சூழலில்தான் 'ஸயன்டிபிக் அமெரிக்கன்' என்னும் அறிவியல் இதழ் 1922ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆவியின் மெய்யான புகைப்படத்துக்கு 2,500 டாலர். கண்ணால் காணத்தக்க ஆவிச் செயலுக்கு 2,500 டாலர். முடிவு கூற ஐவர் குழு அமைந்தது. உளநூற் பேராசிரியர் வில்லியம் மக்டூகல் அதிலிருந்தார்; விலங்குகளையும் பூட்டுகளையும் கழற்றி வெளிவரும் செப்பிடு வித்தைக்காரர் ஹூடினியும் அதிலிருந்தார்.

பரிசை ஏறத்தாழக் கைப்பற்றும் நிலைக்கு வந்தவர் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் ஒருவரின் மனைவி. 'மார்ஜரி' என்ற புனைபெயரால் அவர் அறியப்பட்டார். இருட்டில் அவருடைய இறந்த சகோதரனின் குரல் கேட்கும். எவர் கையும் படாமல் பெட்டிக்குள்ளிருக்கும் மணி ஒலிக்கும். குழுவின் கற்றறிந்தோர் சிலர் தடுமாறிப் போயினர். 1924 ஜூலையில் ஹூடினி அங்குச் சென்றார். அன்று பகல் முழுவதும் தம் முழங்காலுக்குக் கீழே இறுக்கமான ரப்பர்ப் பட்டை ஒன்றைக் கட்டிவைத்திருந்தார். அதனால் காலின் தோல் வீங்கி, மெல்லிய தொடுகையையும் உணரும் கூர்மை பெற்றிருந்தது. இருட்டில் அவர் காலோடு ஒட்டியிருந்த மார்ஜரியின் கால் சிறிது சிறிதாக நகர்ந்து மணிப்பெட்டியை நாடியதை அவர் உணர்ந்துவிட்டார். பேராசிரியர்களின் நூலறிவு காணாததை ஒரு வித்தைக்காரரின் கெண்டைக்கால் கண்டுபிடித்தது!

எனினும் அந்தப் பரீட்சை நல்ல முறையில் முடிந்ததென்று சொல்வதற்கில்லை. அடுத்த மாதம் மார்ஜரியை ஒரு பெட்டிக்குள் அமர்த்திச் சோதித்தபோது, உள்ளே மடிப்பு அளவுகோல் ஒன்று அகப்பட்டது. 'அவள் கொண்டுவந்தாள்' என்றார் ஹூடினி. 'ஹூடினி போட்டார்' என்றனர் மற்றவர்கள். குழுவினர் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டனர். 1925 பிப்ரவரியில் பரிசு மறுக்கப்பட்டது. அப்போதும் ஐவரில் ஒருவர் மாறுபட்டே நின்றார். ஆவியின் கட்டைவிரல் ரேகை என்று மெழுகில் பதித்துக் காட்டப்பட்டது, மார்ஜரியின் பல் மருத்துவருடைய ரேகையே என்பது 1932இல் வெளிப்பட்டது. குழுவின் குறை யாதெனில், எது நிகழ்ந்தால் வெற்றி, எது நிகழ்ந்தால் தோல்வி என்பதை முன்கூட்டி எழுதி வைக்காமல், நடுவர்களின் அபிப்பிராயத்துக்கு விட்டுவிட்டனர். அபிப்பிராயம் புகுந்த இடத்தில் தகராறு புகாமலிருக்குமா?

அக்குறையை நீக்கியவர் கனடாவில் 1928இல் பிறந்த ஜேம்ஸ் ராண்டி. இவரும் வித்தைக்காரரே. 1964இல் தம் கைப்பணம் 1,000 டாலரைப் பரிசாக அறிவித்தார். தொகை பின்னர் 10,000 ஆயிற்று. 1996இல் அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளையின் கீழ்ப் பத்து லட்சம் டாலராக உயர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். முதற்கட்டச் சோதனையைக்கூட ஒருவரும் தாண்டவில்லை. 2015இல் அவ்வறைகூவல் நிறுத்தப்பட்டது. 2020இல் தம் 92ஆம் வயதில் ராண்டி காலமானார்.

அவர் வகுத்த முறை எளியது. உன் ஆற்றல் யாது என்பதை நீயே சொல். எத்தனை முறைக்கு எத்தனை முறை பலிக்கும் என்பதையும் நீயே சொல். அதற்கேற்ற சோதனையை இருவரும் சேர்ந்து வகுப்போம். வெற்றி தோல்வியின் எல்லையை முன்பே எழுதிக் கையொப்பமிடுவோம். முடிவைக் கண்டவர் எவரும் தாமே அறிந்துகொள்ளும் வண்ணம், நடுவர் தீர்ப்புக்கு இடமில்லாமல் நடத்துவோம் என்பதே அது. கொடுக்கல் வாங்கலில் பத்திரம் எழுதிச் சாட்சி வைக்கும் நம் வணிகர்களுக்கு இம்முறையின் நயத்தை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு சோதனைகளைச் சற்று விரித்துக் காட்டுவோம். 1990இல் ஜெர்மனியின் காஸல் நகரில், கைக்கோல் கொண்டு நிலத்தடி நீரைக் கண்டறிவதாகக் கூறுவோர் ஏறத்தாழ முப்பது பேர் கூடினர். ராண்டி 10,000 டாலர் வைத்தார். சமதளமான நிலத்தில் 50 செ.மீ. ஆழத்தில் பிளாஸ்டிக் குழாய்களைப் புதைத்து, அவை செல்லும் தடத்தை மேலே வண்ணப் பட்டையால் காட்டியிருந்தனர். குழாயில் இப்போது நீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். 'இது நேர்மையான சோதனை. எமக்கு நூற்றுக்கு நூறு பலிக்கும்' என்று அனைவரும் எழுதிக் கொடுத்தனர். மூன்று நாட்கள் நடந்தது. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொன்னால் எத்தனை பலிக்குமோ, அத்தனையே பலித்தது.

தமிழ்நாட்டிலும் கிணறு வெட்டுமுன், ஆழ்துளைக்குழாய் இறக்குமுன், வேப்பங்குச்சியோ தேங்காயோ ஏந்தி நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வருவதுண்டு. அவர்களில் பெரும்பாலோர் பொய்யரல்லர். கை தம்மையறியாமலே அசைவதை 1852இலேயே கார்ப்பென்டர் என்னும் ஆங்கில மருத்துவர் விளக்கியுள்ளார். கோல் திரும்புவது உண்மை. திருப்புவது தம் தசையே என்பதை அவர்கள் அறியார். மேலும், நிலத்தடி நீர் என்பது குழாயில் ஓடுவதுபோல ஒரு கோட்டில் ஓடுவதன்று. பல இடங்களில் பரவலாகத் தேங்கியிருப்பது. ஆகவே காட்டிய இடத்தில் தோண்டினால் நீர் வருகிறது. காட்டாத இடத்தை எவரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

மற்றொன்று 2009இல் லண்டனில் நடந்தது. ஆளைக் காணாமலே அவர் வாழ்வை உரைப்பதாகக் கூறிய பெண்மணி ஒருவர் சோதனைக்கு வந்தார். முன்பின் அறியாத பத்துப் பேரை ஒவ்வொருவராக அவர்முன் அமர்த்தினர். முகமூடி, கறுப்புக் கண்ணாடி, உடலை மறைக்கும் பட்டமளிப்பு அங்கி, இவற்றோடு முதுகைக் காட்டி அமர்ந்தனர். காரணம் என்ன? வயது, உடை, முகபாவம், ஒரு பெருமூச்சு இவற்றைக் கொண்டே குறிசொல்வோர் பாதியை அறிந்துகொள்வர். பின்னர் பத்துக் குறிப்புகளையும் ஒவ்வொருவரிடமும் கொடுத்து 'இவற்றுள் உம்முடையது எது?' என்று கேட்டனர். பதின்மரில் ஐவர் சரியாக எடுத்தால் வெற்றி என்பது உடன்பாடு. தற்செயலாக அவ்வாறு நேர்வது ஆயிரத்தில் ஓரிரு தடவையே. ஒருவரும் சரியாக எடுக்கவில்லை. அவ்வம்மையார் தோல்வியை முதலில் ஏற்றுக்கொண்டார். பின்னர், ஆட்களை அப்படிப் போர்த்தி மூடியதே தடையாயிற்று என்றார். நிபந்தனைகள் அவருடைய சம்மதத்தோடு வகுக்கப்பட்டவை என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க.

'படித்த விஞ்ஞானிகள் இருக்க, வித்தைக்காரன் எதற்கு?' என்று கேட்பவருக்கு 1979ஆம் ஆண்டின் ஒரு செய்தி விடை கூறும். விமானத் தொழிலதிபர் மக்டோனல், அமெரிக்காவின் ஸெயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு இத்தகைய ஆற்றல்களை ஆராய 5 லட்சம் டாலர் வழங்கினார். ராண்டியின் ஏற்பாட்டில், செப்பிடு வித்தை பயின்ற இளைஞர் இருவர் சக்தி படைத்தவர்களாக அங்கு நுழைந்தனர். கரண்டிகளில் அடையாளச் சீட்டுகளை நூலால் கட்டியிருந்தனர் ஆய்வாளர்கள். 'சீட்டு கைக்கு இடைஞ்சலாயிருக்கிறது' என்று அவிழ்த்துவிட்டு, திரும்பக் கட்டும்போது இளைஞர்கள் மாற்றிக் கட்டினர். வளைவில் வேறுபாடு தோன்றியது. ஆய்வாளர்கள் வியந்தனர். ராண்டி, ஏமாறாதிருக்கும் வழிகளை முன்னதாகவே கடிதம் மூலம் எழுதியிருந்தார். இளைஞர்களுக்கும் ஒரு கட்டளையிட்டிருந்தார்: 'நீங்கள் வித்தை செய்கிறீர்களா என்று எவரேனும் நேராகக் கேட்டால், ஆம் என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள்.' 1983இல் செய்தியை அவரே வெளியிடும் வரை அப்படி ஒருவரும் கேட்கவில்லை.

அந்த ஆய்வாளர்கள் நேர்மையாளர்கள். நேர்மை இருந்தால் போதும் என்று எண்ணியதே அவர்களுடைய பிழை. ஹதீஸ் கலையைக் கற்றவர்கள் இதனை எளிதில் உணர்வர். இரவெல்லாம் நின்று வணங்கிய நல்லடியார்களின் அறிவிப்பையும், நினைவாற்றல் குன்றியவர்கள் என்ற காரணத்தால் முஹத்திஸீன்கள் தயங்காமல் ஒதுக்கினர். தக்வா வேறு, தேர்ச்சி வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பிர்அவ்னின் சபையில் நிகழ்ந்ததையும் ஈண்டு எண்ணிப் பார்க்கலாம். 'வென்றால் எமக்குக் கூலியுண்டா?' என்று சூனியக்காரர்கள் கேட்டதையும், உண்டென்று பிர்அவ்ன் வாக்களித்ததையும் திருமறை கூறுகின்றது. மூஸா (அலை) அவர்கள் இருட்டறையைத் தேர்ந்தெடுக்கவில்லை. திருவிழா நாளை, மக்கள் திரண்டிருக்கும் முற்பகல் வேளையைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று நிகழ்ந்தது வித்தையன்று என்பதை முதலில் உணர்ந்து ஸுஜூதில் வீழ்ந்தவர்கள் அமைச்சர்களல்லர், அறிஞர்களல்லர். வித்தையின் எல்லையை அறிந்திருந்த அந்தச் சூனியக்காரர்களே.

இலங்கையிலும் இத்தகைய பரிசொன்று நெடுங்காலம் பேசப்பட்டது. திருவல்லாவில் 1898இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பின்னர் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர், 1963இல் ஒரு லட்ச ரூபாய் அறிவித்தார். விளையாட்டுக்கு வருவோரைத் தவிர்க்க 1,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டுமென்பது நிபந்தனை. 1978இல் அவர் மறையும் வரை அப்பணம் அவரிடமே இருந்தது. கோவூர் இறை மறுப்பாளர். அவருடைய முடிவுகளில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் பேயோட்டுதல் என்னும் பெயரால் அடிபட்டு நலிந்த பல பெண்களின் நோய் மனநோயே என்று கண்டு அவர்களை ஆற்றுப்படுத்திய பணியை மறைப்பது நியாயமாகாது.

இனி, முதற் சாராரின் கூற்றுக்கு வருவோம். 'எவரும் வெல்லவில்லை, ஆகவே நபிமார்களின் முஃஜிஸாத்தும் பொய்' என்பது தர்க்கத்துக்கு ஒவ்வாத தாவல். நம் மதரஸாக்களில் ஓதப்படும் தஃப்தாஸானீ இமாமின் 'ஷரஹுல் அகாயித்' முதலிய கிதாபுகளைப் புரட்டியவர் அறிவர்: முஃஜிஸா என்பது வழமைக்கு மாறான செயல், நபித்துவத்தை வாதிப்பவர் கரத்தில் வெளியாவது, மறுப்போரை நோக்கிய 'தஹத்தீ' என்னும் அறைகூவலோடு கூடியது, அதற்கு ஈடு செய்ய எவராலும் இயலாதது. அறைகூவலை நபியே விடுக்கிறார், செயல் இறைவனுடையது, நபி தாம் நினைத்த பொழுதெல்லாம் நிகழ்த்தும் தனித்திறனன்று. ராண்டி சோதித்ததோ தனித்திறனை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பத்துத் தடவை செய்து காட்டத்தக்க திறன் என்று வாதிட்டவர்களையே அவர் சோதித்தார். அந்த வலையில் விழுந்த மீன் அதுவே. வலைக்குள் வராத ஒன்றைக் குறித்து அந்த வலை சாட்சி சொல்லாது.

ராண்டியின் பரிசுக்கு அறிவியல் நோக்கிலும் ஒரு குறை உண்டு. முதற்கட்டத்தில் தற்செயலால் ஆயிரத்தில் ஒரு தடவையே நேரத்தக்க வெற்றியையும், இறுதிக்கட்டத்தில் பத்து லட்சத்தில் ஒரு தடவையே நேரத்தக்க வெற்றியையும் கேட்பது பெரும்பாலும் அவர் வழக்கம். நூற்றுக்கு ஐம்பதுக்குப் பதில் ஐம்பத்திரண்டு தடவை பலிக்கும் நுண்ணிய திறன் ஒன்று இருக்குமானால், சில மணி நேரச் சோதனையில் அது புலப்படாது. பல்லாயிரம் சோதனைகள் வேண்டும். ஆகவே பரிசு ஆராய்ச்சிக்கு ஈடாகாது. ஆனால் 'எனக்கு ஐம்பத்திரண்டுதான் பலிக்கும்' என்று பலகை எழுதித் தொங்கவிட்டுக் காசு வாங்கும் குறிகாரரை நாம் கேள்விப்பட்டதில்லை.

மறு சாராரின் கூற்று இதனினும் ஆபத்தானது. 'மகான்கள் காசுக்குச் செய்யார்' என்பது உண்மையே. கராமத்தை வெளிக்காட்டாமல் மறைப்பதே வலிமார்களின் ஒழுக்கம் என்று தஸவ்வுஃப் நூல்கள் மீண்டும் மீண்டும் வற்புறுத்துகின்றன. ஆனால் இந்த நியாயம் யாருக்குக் கவசமாகப் பயன்படுகிறது என்று பாருங்கள். தகட்டுக்கு ஒரு விலை, தாயத்துக்கு ஒரு விலை, வெளிநாட்டு விசா கிடைக்க ஒரு விலை, பிரிந்த கணவன் திரும்ப ஒரு விலை என்று வைத்திருப்பவன் சோதனை என்றதும் 'அவுலியாக்கள் காட்டிக்கொள்ள மாட்டார்கள்' என்கிறான்! விலை சொல்லி விற்கும்போது வணிகன். எடைக்கல்லைக் கொண்டுவந்தால் வலியா? கடைவீதியில் கடை விரித்தவன் முஹ்தஸிபின் தராசுக்கு உட்பட்டவனே.

இத்தகையோரைத் தோலுரிப்பதை மேனாட்டார் நமக்குக் கற்பித்தார்களென்று எண்ணுவோர் நம் நூலகங்களை அறியாதவர்கள். பாகில்லானீ இமாம் அவர்கள் முஃஜிஸா, கராமத், தந்திரம், குறி, சூனியம் இவற்றின் வேறுபாட்டை விளக்கவே தனி நூல் இயற்றினார்கள். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் திமிஷ்கைச் சேர்ந்த ஜவ்பரீ, போலி நபிகள், போலி ஷைகுகள், ரஸவாதிகள், மருந்து விற்போர், குதிரைத் தரகர்கள் ஆகியோரின் தந்திரங்களை முப்பது அத்தியாயங்களில் எழுதி வைத்தார். ஹிஜ்ரி 705இல் (கி.பி. 1305) திமிஷ்க் ஆளுநரின் முன்னிலையில் நடந்தது இன்னும் சுவையானது. தீயில் புகுந்தாலும் எம்மைச் சுடாது என்று கூறிய ஒரு கூட்டத்தாரிடம் இப்னு தைமிய்யா, 'நானும் உங்களோடு புகுகிறேன். ஆனால் முதலில் அனைவரும் காடியாலும் வெந்நீராலும் உடலைக் கழுவ வேண்டும்' என்றார். தவளைக் கொழுப்பும், நாரத்தை இனப் பழத்தோலின் உட்புறமும், மாக்கல்லும் சேர்த்து அவர்கள் உடலில் பூசுவதை அவர் அறிந்திருந்தார். கழுவச் சொன்னதும் தயக்கம் பிறந்தது. தீயில் ஒருவரும் புகவில்லை. இப்னு தைமிய்யாவின் வேறு பல கருத்துக்களை நம்மவர் பலர் ஏற்பதில்லை. நாமும் அவ்விவாதத்துக்குள் இங்குப் புக விரும்பவில்லை. காடியும் வெந்நீரும் எந்தக் கட்சியையும் சேர்ந்தவையல்ல.

இப்பரிசுகளின் மெய்யான குறை வேறிடத்தில் இருக்கிறது என்பது நம் எண்ணம். சோதனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தம்மைத்தாமே நம்பி ஏமாந்த எளியவர்கள். பெரும்பொருள் ஈட்டியவர்கள் வரவேயில்லை. பீட்டர் பாப்பாஃப் என்னும் அமெரிக்கப் போதகர், கூட்டத்திலிருந்த நோயாளிகளின் பெயரையும் முகவரியையும் இறையருளால் அறிவதாகக் கூறிவந்தார். அவர் மனைவி வானொலிக் கருவி மூலம் காதில் ஓதிய சொற்களை ராண்டியின் குழுவினர் பதிவு செய்து 1986இல் தொலைக்காட்சியில் ஒலிபரப்பினர். மறு ஆண்டு பாப்பாஃப் திவாலானார். ஆனால் சில ஆண்டுகளில் திரும்பி வந்து, தொலைக்காட்சியில் 'அற்புத ஊற்று நீர்' வழங்கலானார். கூட்டமும் திரும்பி வந்தது.

இறுதியாக ஸில்வியா பிரவுன் என்னும் பெயர்பெற்ற குறிகாரியின் செய்தி. 2001 செப்டம்பரில் தொலைக்காட்சி நேர்முகம் ஒன்றில், ராண்டியின் சோதனைக்கு உட்படுவதாக உலகறிய அவர் ஒப்புக்கொண்டார். ஆண்டுகள் கழிந்தன, வரவில்லை. 2003இல் க்ளீவ்லாண்ட் நகரில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி காணாமற் போனாள். தேடித் தேடிக் களைத்த அவள் தாய், 2004இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பிரவுனிடம் மகளைப் பற்றிக் கேட்டார். உன் மகள் உயிருடன் இல்லை என்னும் பொருள்பட விடை கிடைத்தது. அந்தத் தாய் அதனைப் பெரிதும் நம்பி மனமுடைந்தார். 2006இல் அவர் இறந்துவிட்டார். 2013 மே மாதம், அதே நகரத்தில் ஒரு வீட்டில் பத்தாண்டுகள் அடைத்து வைக்கப்பட்டிருந்த மகள், கதவை உடைத்து உயிருடன் வெளியே வந்தாள். அவ்வாண்டு நவம்பரில் பிரவுன் காலமானார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒப்புக்கொண்ட சோதனை அதுவரை நடைபெறவில்லை.